2 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கார்!

அமாவாசை இரவு. மேல்மலையனூரில் எங்கு பார்த்தாலும் மனிதத் தலைகள். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்தைக் காண ஊர் ஊராக மக்கள் வருகிறார்கள். சென்னையில் இருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக வருகிறார்கள். விழுப்புரத்தில் இருந்தும், திருவண்ணாமலையில் இருந்தும் வருகிறார்கள்.

பஸ்சில் வருகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. ஊர் எல்லையில் கார்களும் வரிசையாக நிற்கின்றன. பெரிய காரும் உண்டு. சின்னக் காரும் உண்டு.

ஒரு சின்னக் காரில் இருந்து இளம் தம்பதிகள் இறங்குகிறார்கள். மனைவியின் தோளில் ஒரு குழந்தை தூங்குகிறது. கணவனின் விரலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குழந்தை நடக்கிறது.

இன்று இது சாதாரணக் காட்சி. வீட்டில் ஒரு கார் இருந்தாலும், பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போய்வர இன்னொரு சின்னக் கார் வாங்கலாமா என்று யோசிக்கிற குடும்பங்களும் இருக்கின்றன.

ஆனால் 1952-ம் ஆண்டில் நிலைமை வேறு. அப்போது கார் என்றால் பணக்காரர் வீட்டுப் பொருள். நடுத்தரக் குடும்பம் காரை வேடிக்கை பார்க்கலாம், வாங்க முடியாது.

அந்தக் காலத்திலேயே, 2 பேர் உட்காரும் சின்னக் காரை 2 ஆயிரம் ரூபாய்க்குத் தரமுடியும் என்று ஒரு தமிழ்நாட்டுக்காரர் சொன்னார்.

அவர் என்ஜினீயரிங் படித்தவர் அல்ல. 3-ம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்!

அவர்தான் ஜி.டி.நாயுடு.

கலங்கல் கிராமத்துப் பையன்

கோவைக்கு அருகே உள்ள கலங்கல் என்ற கிராமத்தில், 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அவர் பிறந்தார். பெயர் துரைசாமி. தந்தை கோபால்சாமி நாயுடு, விவசாயி.

துரைசாமி குழந்தையாக இருக்கும்போதே தாயார் இறந்துவிட்டார். தாயில்லாப் பிள்ளை என்று எல்லோரும் செல்லம் கொடுத்தார்கள். பையனுக்குப் படிப்பில் நாட்டம் போகவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தந்தையின் தோட்டத்து வேலைக்குப் போனார்.

ஒரு நாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் மட்டுமே பார்த்திருந்த வாலிபருக்கு ஒரே ஆச்சரியம். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி மட்டும் ஓடுகிறது! அது எப்படி?

இந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. ஊரை விட்டுக் கோவைக்குப் போனார். ஒரு ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்துவைத்தார். போதிய பணம் சேர்ந்ததும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வேறு வாலிபராக இருந்தால், அதில் ஏறி ஊரைச் சுற்றி வந்திருப்பார். நாயுடு அப்படிச் செய்யவில்லை. அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று பார்த்தார். பிறகு பழையபடி பூட்டினார். வண்டி ஓடியது!

அதுதான் அவருடைய பள்ளிக்கூடம். அதுதான் அவருடைய கல்லூரி.

விழுந்தார், எழுந்தார்

பிறகு பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை நடத்தினார். பணம் குவிந்தது. பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் பஞ்சு வியாபாரம் செய்தார். அங்கே சம்பாதித்ததை எல்லாம் இழந்தார்.

வெறுங்கையோடு ஊர் திரும்பியவர் சோர்ந்து உட்காரவில்லை. தனக்குத் தெரிந்த மோட்டார் தொழிலுக்கே வந்தார். கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். அவர் உதவி செய்தார். கடனுக்கு ஒரு பஸ் கிடைத்தது.

1920-ம் ஆண்டில், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. டிரைவர் யார் தெரியுமா? முதலாளியான நாயுடுவேதான்!

ஒரு பஸ் பலவாகப் பெருகியது. யூ.எம்.எஸ். என்று கம்பெனிக்குப் பெயர். 1933-ம் ஆண்டில் அவரிடம் 280 பஸ்கள் இருந்தன. குறித்த நேரத்துக்குப் புறப்பட்டு, குறித்த நேரத்துக்குப் போய்ச் சேரும் பஸ்கள் என்று அவற்றுக்கு நல்ல பெயர்.

பஸ் தொழில் ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுக்கும். வண்டியின் விலை என்பது, வாங்கும்போது கொடுக்கிற பணம் மட்டும் அல்ல. தினமும் குடிக்கிற எண்ணெய், தேய்கிற டயர், பழுதுபார்க்கும் கூலி, பட்டறையில் சும்மா நிற்கிற நாட்கள் எல்லாம் சேர்ந்ததே விலை. நூற்றுக்கணக்கான பஸ்களை ஓட்டிய நாயுடுவுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி.

ஏழைக்கும் எட்டவேண்டும்

1930-களில் அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வந்தார். போன இடத்தில் எல்லாம் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். மின்சாரத்தில் இயங்கும் சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்எண்ணெயில் ஓடும் விசிறி என்று பலவற்றைச் செய்துகாட்டினார்.

1937-ம் ஆண்டில், இந்தியாவிலேயே தயாரான முதல் மின்சார மோட்டார் கோவை பீளமேட்டில் உருவானது. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இதைச் சாதித்தார். கோவையைச் சுற்றியுள்ள கிணறுகளில் கமலை இறைத்துக் களைத்த விவசாயிகளுக்கு, மோட்டார் பம்பு பெரிய வரப்பிரசாதமாக வந்தது.

1941-ம் ஆண்டில், 5 வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தரமுடியும் என்று அறிவித்தார். ரேடியோ என்பது பெரிய மனிதர்கள் வீட்டில் மட்டுமே பாடிய காலம் அது.

அவர் செய்த பொருள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். விசிறியோ, ரேடியோவோ, மோட்டாரோ, சாதாரணக் குடும்பமும் வாங்கும் விலையில் இருந்தால்தான் அதற்குப் பெருமை. இதே எண்ணம்தான் சின்னக் காரிலும் தெரிகிறது.

கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை

1952-ம் ஆண்டில் அந்தக் காரைப் பற்றிய செய்தி வந்தது. பெட்ரோலில் ஓடும் கார். 2 பேர் உட்காரலாம். விலை 2 ஆயிரம் ரூபாய். மற்ற கார்களின் விலை இதைப்போலப் பல மடங்கு!

2 பேர் உட்காரும் கார் ஒரு குடும்பத்துக்குப் போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நீண்ட தூரப் பயணத்துக்கு அந்நாளில் பஸ்சும் ரெயிலும் இருந்தன. ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகவேண்டும், சந்தைக்குப் போகவேண்டும் என்றால் வீட்டு வாசலில் ஒரு வண்டி தேவை. இன்று 2-வது கார் என்று சொல்கிறோமே, அந்த வேலையைச் செய்யக்கூடிய கார் அது.

அப்போது நாட்டில் ஒரு புதிய சட்டம் வந்திருந்தது. 1951-ம் ஆண்டின் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம். கார் போன்ற பொருள்களைப் பெரிய அளவில் தயாரிக்க அப்போது மத்திய அரசாங்கத்தின் லைசென்சு தேவைப்பட்டது.

நாயுடுவின் காருக்கு லைசென்சு கிடைக்கவில்லை. காரும் சந்தைக்கு வரவில்லை.

எத்தனை குடும்பங்களின் வாசலில் நின்றிருக்க வேண்டிய கார் அது! பேச்சோடு நின்றுவிட்டது.

வெளிநாட்டில் நடந்தது

இதே காலத்தில் மேல்நாடுகளில் என்ன நடந்தது?

பிரான்சில் சித்ரோவன் கம்பெனி, விவசாயிகளுக்காகவே ஒரு சின்னக் காரை உருவாக்கி 1948-ம் ஆண்டில் மக்களுக்குக் காட்டியது. உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் உள்ள முட்டை உடையக்கூடாது; 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற்றவேண்டும். இதுதான் என்ஜினீயர்களுக்கு இடப்பட்ட கட்டளை!

இத்தாலியில் 1957-ம் ஆண்டில் பியட் 500 என்ற குட்டிக் கார் வந்தது. இங்கிலாந்தில் 1959-ம் ஆண்டில் மினி கார் வந்தது. அதன் நீளம் 10 அடி. அதில் 4 பேர் உட்காரலாம். ஸ்கூட்டரில் போன குடும்பங்கள் காரில் ஏறின.

நம் நாட்டில் 1983-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதிதான் மாருதி 800 கார் முதன்முதலாக மக்கள் கைக்கு வந்தது. நாயுடு சொல்லி 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னர் 2009-ம் ஆண்டில், ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்ற பெயருடன் டாடா நானோ விற்பனைக்கு வந்தது. ஒரே ஸ்கூட்டரில் ஒரு குடும்பமே நெருக்கி உட்கார்ந்து போவதைப் பார்த்து, ரத்தன் டாடாவுக்கு உதித்த யோசனை அது. 2018-ம் ஆண்டோடு அதன் தயாரிப்பு நின்றது. விலை குறைந்தால் மட்டும் போதாது, வாங்குகிறவர் மனதுக்கும் பிடிக்கவேண்டும் என்பதை அது காட்டியது.

கார் வாங்கப் போகிறீர்களா?

நாயுடுவின் வாழ்க்கையில் இருந்து, சின்னக் கார் வாங்க நினைக்கும் குடும்பத்துக்குச் சில பாடங்கள் கிடைக்கின்றன.

முதலில் வேலையைக் கணக்கிடுங்கள்; பிறகு வண்டியைப் பாருங்கள். தினமும் எத்தனை மைல் ஓடும்? எத்தனை பேர் ஏறுவார்கள்? ஆண்டுக்கு ஒரு முறை போகிற பயணத்துக்காகப் பெரிய காரை வாங்கி, மற்ற நாளெல்லாம் தீனி போடவேண்டியது இல்லை.

2-வது, வாங்கும் விலையோடு நிற்காதீர்கள். எண்ணெய், டயர், இன்சூரன்சு, பழுதுச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பழுதுபார்க்கும் இடம் இருக்கிறதா, உதிரிபாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். மேல்மலையனூரில் இருப்பவர், ஒரு சிறு பாகத்துக்காகச் சென்னைக்கு ஓடக்கூடாது அல்லவா?

3-வது, பழைய கார் என்றால் பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். நாயுடு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால், நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துப்போய், அடியில் துரு இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

4-வது, குழந்தைகள். 1952-ம் ஆண்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். இன்று அது ஆபத்து என்று தெரிந்துவிட்டது. திடீரென்று பிரேக் போட்டால், தாயின் கை குழந்தையைத் தாங்காது. ஆகவே, பின் சீட்டில் குழந்தை இருக்கையைக் கட்ட வசதி இருக்கிறதா என்று பாருங்கள். 2023-ம் ஆண்டு முதல், பாரத் என்கேப் என்ற திட்டத்தில் கார்களை மோதவைத்துச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு எத்தனை நட்சத்திரம், குழந்தைகளுக்கு எத்தனை நட்சத்திரம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பணத்தைக் குறைக்கலாம்; குழந்தையின் பாதுகாப்பைக் குறைக்கக்கூடாது.

கல்விக்குக் கொடுத்த பணம்

கார் வரவில்லையே என்று நாயுடு ஓய்ந்துவிடவில்லை. அதற்கு முன்பே, 1945-ம் ஆண்டில், அவர் கொடுத்த நன்கொடையால் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியிருந்தது. இப்போது அது அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் நடக்கிறது.

கல்லூரிப் படிப்பையும் அவர் கணக்குப் பார்த்தார். 4 ஆண்டுகள் வேண்டாம், கைத்தொழிலோடு சேர்த்துக் கற்றால் 2 ஆண்டுகள் போதும் என்பது அவர் கருத்து. அதை அரசாங்கம் ஏற்கவில்லை. அவர் கல்லூரிப் பொறுப்பில் இருந்து விலகினார்.

3-ம் வகுப்பைத் தாண்டாதவர் உண்டாக்கிய கல்லூரியில், இன்றும் பிள்ளைகள் என்ஜினீயரிங் படிக்கிறார்கள்!

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

கோவை அவினாசி ரோட்டில் அவருடைய பெயரால் பொருட்காட்சி இருக்கிறது. கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் அங்கே உண்டு. கோவைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை அழைத்துப்போய்க் காட்டலாம்.

திரும்பும் வழியில்

மேல்மலையனூரில் ஊஞ்சல் உற்சவம் முடிந்துவிட்டது. கூட்டம் கலைகிறது. அந்த இளம் தம்பதிகள் தூங்கும் குழந்தைகளைப் பின் சீட்டில் வைத்து வார் கட்டுகிறார்கள். சின்னக் கார் செஞ்சி ரோட்டில் போகிறது.

அந்தக் காரைச் செய்தவர் நாயுடு அல்ல. ஆனால், சாதாரணக் குடும்பத்துக்கும் ஒரு கார் வேண்டும் என்று, யாரும் நினைக்காத காலத்தில் நினைத்தவர் அவர். ஓட்டலில் பரிமாறிச் சேர்த்த பணத்தில் முதல் வண்டியை வாங்கியவர் அல்லவா? வண்டி இல்லாதவரின் ஏக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது.