மேரி சாப்மன் அம்மையார்

அம்பிட்டியவில் நாம் வாழ்ந்த காலத்து, செவிகேளாத முதியவர் ஒருவர் அயலில் இருந்தார். ஊரார் அவரை ஊமையென்றே அழைப்பர். ஒருநாள் அவர் எமது வாயிலில் நின்று, கடுதாசித் துண்டொன்றில் தம் பெயரைத் திருத்தமாக எழுதிக் காட்டினார். எங்குக் கற்றீரென எழுதி வினவினோம். இரத்மலானை என விடை வரைந்தார். அன்றே அப்பள்ளியை நிறுவிய மேரி சாப்மன் அம்மையாரின் வரலாற்றை நாடினோம்.

ஆங்கிலப் பெண்மணியான இவர் கிறித்தவத் தொண்டராய் இலங்கைக்கு வந்தவர். 1912ஆம் ஆண்டில், செவிப்புலனும் விழிப்புலனும் அற்ற சிறார்க்கென இந்நாட்டின் முதற் பாடசாலையைத் தொடங்கினார். அதுவே இரத்மலானையில் நிலைபெற்றது. அத்துடன் அமையாது, கடல்கடந்து சென்று இரங்கூனிலும் செவிப்புலனற்றோர்க்குப் பள்ளியொன்று அமைத்தார். அப்பள்ளி அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

செவிகேளாக் குழவி பேசாதிருப்பது நாவின் குறையாலுமன்று, அறிவின் குறையாலுமன்று. பிறர் பேச்சைக் கேளாமையாலேயாம். கண்வழியாகவும் கைவழியாகவும் மொழியைப் புகட்டின் அறிவு மலரும். பள்ளி விடுதிகளில் அச்சிறார் ஒன்றுகூடியபோது, கைகளாற் பேசும் மொழியும் அவரிடையே வளர்ந்தது.

தமிழ்ச் சிறார்க்கெனக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை எழுந்தது 1956இலேதான். கேள்விச் செல்வத்தைப் போற்றிய வள்ளுவரின் வழிவந்த நாம், கேளாதவர்க்கும் கல்வி உண்டென்பதைப் பிறர் வந்து காட்டும்வரை உணராதிருந்தோம். அம்மையாரை வணங்குவதோடு, ஊமையென்னும் சொல்லையும் எம் நாவினின்று நீக்குவோமாக.