விரல்களின் வேலையை அளந்த பேராசிரியர்... யார் இந்த ஆகஸ்ட் டுவோராக்?

கம்ப்யூட்டர் கீபோர்டைப் பாருங்க. ஆங்கில உயிரெழுத்து ஐந்தில் நாலு மேல் வரிசையில். மிச்சமுள்ள 'ஏ' இடது சுண்டுவிரலுக்கு! டைப் அடிப்பவர்களின் விரல்களுக்கு இது வீண் சுமை என்றார் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆகஸ்ட் டுவோராக் (1894-1975).

எந்த எழுத்து அதிகம் வருது, எந்த விரலுக்கு எவ்வளவு வேலை என மைத்துனர் வில்லியம் டீலியுடன் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1936-ல் புது கீபோர்டுக்கு காப்புரிமை. அதில் உயிரெழுத்து ஐந்தும் நடு வரிசையில். சுமார் 70% வேலை அங்கேயே முடிஞ்சிடும். பழைய குவெர்ட்டியில் இது 32% தான்.

1944 கடற்படை சோதனையில் டுவோராக் கீபோர்டு ஜெயித்தது. ஆனா, அப்போ கடற்படையில் இதுக்கான நிபுணரே அவர்தான்! 1956-ல் நடந்த அரசு சோதனையிலோ பெரிய லாபம் இல்லைன்னு முடிவு. ஆபீஸ்கள் மாறவே இல்லை.

அமெரிக்க தர நிர்ணய அமைப்பு அதை அங்கீகரித்தது 1982-ல். அவர் இறந்து 7 வருஷம் ஆகியிருந்தது.