அடையாற்றில் ஒரு கட்டளை

கும்பகோணத்திலிருந்து அணைக்கரைக்குப் போகும் சாலையில் இருக்கிறது திருப்பனந்தாள். கூட்டம் பேசப் போயிருந்தோம். மேடை கட்டி முடிவதற்குள் கடைத்தெருவில் தேநீர் அருந்த நின்றோம். கிளைத் தோழர்கள் நால்வர் உடனிருந்தனர். அப்போது வந்து சேர்ந்தார் ஒரு பெரியவர். விவசாயக் கூலி. தோளிலே துண்டு, கையிலே மஞ்சள் பை, பைக்குள்ளே ஆஸ்பத்திரிச் சீட்டு. அவர் மனைவிக்குக் கருப்பை வாயில் புற்று. ஆறு வாரம் சென்னை அடையாற்றில் தங்கி, வைத்தியம் முடித்துத் திரும்பியிருக்கிறார்கள்.

சர்க்கார் கட்டிய ஆஸ்பத்திரி நன்றாகக் கவனித்தது என்று மனம் குளிரச் சொன்னார். அது சர்க்கார் கட்டியதல்லவே என்றோம். அப்படியானால் யார் கட்டியது என்று கேட்டார். யாரோ கோடீசுவரர் என்றார் ஒரு தோழர். வெள்ளைக்காரப் பாதிரிமார் என்றார் இன்னொருவர். நாம் அவர்களைக் குறை கூற மாட்டோம். ஆயிரம் மேடைகளில் ஆயிரம் செய்தி பேசுகிற நாம், இதைப் பேசாமல் விட்டது நம்முடைய குற்றம். அந்தக் கடனில் ஒரு பகுதியை இன்று இந்தப் பத்தியில் தீர்க்கிறோம்.

அந்த மருத்துவமனையை எழுப்பியவர் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார். 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி அய்யர் கல்லூரித் தலைவர். தாய் சந்திரம்மாள், கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் நிலவிய குலத்தில் பிறந்தவர். அந்த வழக்கம் பெண்ணை என்ன பாடு படுத்தும் என்பதை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அம்மையாருக்கு இல்லை, வீட்டிலேயே தெரிந்திருந்தது. படிக்க ஆசைப்பட்டார். பெண்பிள்ளைக்கு ஆண்கள் கல்லூரியில் என்ன வேலை என்று ஊர் சீறியது. மன்னர் தொண்டைமான் இடம் தந்தார். மற்ற மாணவர் கண்ணில் படாமல் திரை மறைவில் உட்கார்ந்து பாடம் கேட்டார் அந்தப் பெண். திரைக்குப் பின்னால் இருந்தவர்தான் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார். 1912இல் பதக்கங்களோடு டாக்டராக வெளியே வந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

சட்டசபையில் அவர் ஆற்றிய பணியை நம் தோழர்கள் ஓரளவு அறிவர். 1926இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அதன் துணைத் தலைவராகவும் அமர்ந்தார். இரண்டிலும் பெண்களில் அவரே முதல்வர். பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து அங்கே போராடினார். அது முழுவதும் எழுதினால் தனி ஏடு வேண்டும். ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் நாம் சொல்ல வந்த செய்திக்கு அது அடிப்படை.

தஞ்சைத் தரணியில் கட்டளை என்றால் என்ன என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிலத்தை எழுதி வைப்பார்கள், அல்லது தொகையைப் போட்டு வைப்பார்கள். முதலைத் தொடக்கூடாது, விளைச்சலை அல்லது வட்டியை எடுத்து ஆண்டுதோறும் விளக்கெரிக்கலாம், பூசை நடத்தலாம், அன்னம் இடலாம். திருப்பனந்தாளுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். குமரகுருபரர் காசியிலே நிறுவிய மடத்தின் வழிவந்த காசித் திருமடம் அந்த ஊரில்தான் இருக்கிறது. அறக்கட்டளைகளுக்குப் பெயர் பெற்ற மடம். தமிழ் நூல்களுக்கும் தமிழ்ப் படிப்புக்கும் அது செய்திருக்கிற உதவியை நாம் மறைக்க மாட்டோம்.

ஆனால் கட்டளைக்கு இன்னொரு முகமும் இருந்தது. கோவில் நிலத்தில் ஒரு துண்டு மானியமாக ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும். அதற்கு ஈடாக அக்குடும்பத்துப் பெண் பொட்டுக்கட்டிக்கொண்டு கோவில் ஊழியம் செய்ய வேண்டும். ஊழியம் நின்றால் நிலம் போய்விடும்; ஆகவே தாய்க்குப் பின் மகள், மகளுக்குப் பின் பேத்தி! வயிற்றுச் சோற்றைக் காட்டி வாழ்நாளைக் கட்டிப்போட்ட சங்கிலி அது. அம்மையார் அந்தச் சங்கிலியின் பூட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தார். 1929இல் இந்து அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம், ஊழியம் செய்தால்தான் நிலம் என்ற நிபந்தனையை அறுத்தது. நிலம் அந்தப் பெண்களிடமே நின்றது, கட்டு மட்டும் கழன்றது. மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று செய்த பிரசாரமும் சேர்ந்து வேலை செய்தது. பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் முழுச் சட்டம் வர 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி ஆஸ்பத்திரிக் கதைக்கு வருவோம். அம்மையாருக்கு ஒரு தங்கை இருந்தார். வயிற்றில் நோய். சீதபேதி என்று எண்ணி வைத்தியம் செய்தார்கள். உண்மையில் அது மலக்குடலில் புற்று. கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. அக்காள் ஒரு டாக்டர், அருகிலேயே இருந்தார், ஆனாலும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. 1925இல் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றபோது, அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை நடப்பதைப் பார்த்தார். நம் நாட்டில் ஏன் இல்லை என்ற கேள்வியோடு கப்பலேறித் திரும்பினார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழா மேடையில் அந்தக் கேள்வியைப் பகிரங்கமாகவே எழுப்பினார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். காரியம் ஒன்றும் நடக்கவில்லை.

வெள்ளையர் போனார்கள். நம்மவர் ஆட்சி வந்தது. மறுபடியும் கதவைத் தட்டினார். புற்றுநோய் வந்தவர்கள் சாகத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று ஓர் அமைச்சர் கேட்டதாக டாக்டர் சாந்தா பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அமைச்சரின் பெயர் நமக்கு வேண்டாம். அவர் ஒருவரது எண்ணமல்ல அது; அந்தக் காலத்தில் படித்த டாக்டர்களே பலர் அப்படித்தான் எண்ணினார்கள்.

கதவு திறக்கவில்லை. அம்மையாருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றை 1949இல் தொடங்கினார். சங்கத்துப் பெண்கள் நிதி திரட்டப் புறப்பட்டார்கள். பெருந்தொகை தந்தவரும் உண்டு. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சிறுதொகை தந்தவரும் உண்டு. 1952 அக்டோபர் 10ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் மருத்துவமனை திறக்கப்பட்டது. எத்தனை படுக்கைகள் தெரியுமா? பன்னிரண்டு! எத்தனை டாக்டர்கள்? ஒருவர் அம்மையாரின் மகன் கிருஷ்ணமூர்த்தி. அயல்நாட்டில் புற்றுநோய் மருத்துவம் பயின்று வந்தவர். மற்றவர் 1955இல் வந்து சேர்ந்த சாந்தா. எழும்பூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டு, முதல் மூன்றாண்டு சம்பளமே வாங்காமல் உழைத்தவர். 2021இல் மறையும் வரை அந்த வளாகத்தை விட்டு அவர் போகவில்லை. கோபால்ட் கதிர்வீச்சு எந்திரம் இந்நாட்டில் முதன்முதலில் வந்து இறங்கியதும் அந்தச் சிறு இடத்தில்தான்.

இங்கே தோழர்களுக்கு ஓர் ஐயம் எழும். எழ வேண்டும். நோய்க்கு மருந்து தருவது அரசின் கடமை, அது குடிமகனின் உரிமை, பிச்சை அல்ல என்று நாம்தானே மேடைதோறும் முழங்குகிறோம். அப்படியிருக்க, நன்கொடையில் எழுந்த ஆஸ்பத்திரியை நாம் புகழலாமா? புகழலாம் என்பதுதான் நமது கருத்து. அரசு முடியாது என்றபோது முடியும் என்று காட்டியது அந்த நன்கொடை. காட்டிய பிறகு அரசுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லாமல் போயிற்று. 1975இல் மத்திய அரசு அதை வட்டாரப் புற்றுநோய் மையமாக ஏற்றது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு, ஏழையின் அறுவைச் சிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் அரசே பணம் கட்டும் வழி பிறந்தது. பன்னிரண்டு படுக்கைகள் நானூறுக்கு மேல் வளர்ந்திருக்கின்றன.

அப்படியானால் இனி நன்கொடை எதற்கு? திருப்பனந்தாள் பெரியவரைக் கேட்டால் தெரியும். கதிர்வீச்சு ஒரே நாளில் முடிகிற வைத்தியமல்ல. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து, ஆறு வாரம் போக வேண்டும். ஒரு வேளை கொடுப்பது சில நிமிடம்தான். ஆனால் அந்தச் சில நிமிடத்துக்காக ஒன்றரை மாதம் ஊரைவிட்டு இருக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் பயன் குறைந்துபோகும். அது நடவு நேரமானால் இரண்டு பேர் கூலியும் போயிற்று. காப்பீட்டு அட்டை எந்திரத்துக்குக் கட்டணம் செலுத்தும். அவர் படுக்கப் பாய் தருமா? மூன்று வேளைச் சோறு போடுமா? ஊரில் விட்டு வந்த பிள்ளைகளுக்கு உலை வைக்குமா? பணமில்லாமல் பாதியில் ஊர் திரும்புகிறவன் வைத்தியத்துக்கு அஞ்சி ஓடவில்லை, வயிற்றுக்கு அஞ்சி ஓடுகிறான். அவனைப் பிடித்து நிறுத்துவது தங்கும் இடமும் சாப்பாடும் வழிச்செலவும். எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் முழுவதும் அடங்காத இந்தச் சில்லறைச் செலவுக்குத்தான் நன்கொடை வேண்டியிருக்கிறது.

கட்டளை முறை இதற்கும் பொருந்தும். முதல் வங்கியில் இருக்கட்டும். வட்டி ஆண்டுதோறும் ஒரு படுக்கையைக் காக்கட்டும், ஒரு குழந்தையின் மருந்துக்கு ஆகட்டும். மகள் திருமணத்துக்கு ஊரையழைத்து விருந்து வைக்கிற மிராசுதாரருக்கும் இது முடியும். சங்கத்தில் ஆளுக்குப் பத்து ரூபாய் போடுகிற ஆலைத் தொழிலாளிக்கும் இது முடியும். தந்தவர் பெயரைச் சுவரில் பெரிதாக எழுதுவதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். சில இடங்களில் மின்விசிறியின் இறக்கையிலே கூட உபயதாரர் பெயரைப் பார்த்து நமக்குத் தலை சுற்றியிருக்கிறது!

அம்மையார் 1968 ஜூலை 22ஆம் நாள் மறைந்தார். அப்போது கோட்டையில் முதலமைச்சராக இருந்தவர் அண்ணா. சில வாரங்களில் அண்ணாவுக்கே உணவுக்குழாயில் புற்று என்று தெரிந்தது. நியூயார்க் சென்று அறுவை செய்துகொண்டு திரும்பினார். நோய் மீண்டும் தலைதூக்கியபோது அவரைக் கொண்டு சேர்த்த இடம், தங்கையை இழந்த ஓர் அக்காள் ஊரெல்லாம் கேட்டுக் கட்டிய அந்த அடையாறு மருத்துவமனைதான். 1969 பிப்ரவரி 3ஆம் நாள் அண்ணாவின் மூச்சு நின்றதும் அங்கேதான். அன்று அந்த வாசலில் நின்று கதறிய இலட்சோப இலட்சம் பேரில், அது யார் கட்டிய வாசல் என்று எத்தனை பேர் அறிந்திருந்தார்களோ! அதே 1969இல் காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் அண்ணா பெயரால் அரசே ஒரு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அம்மையார் கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தானே.

கூட்டம் தொடங்க நேரமாயிற்று. பெரியவர் ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். மூன்று மாதம் கழித்து மனைவியை மறுபடி அழைத்துப் போய்க் காட்ட வேண்டுமாம். நகரப் பேருந்தில்தான் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னை போகும் பேருந்துக்கு இரண்டு பேருக்கும் சீட்டு வாங்க வேண்டும். போகவர அந்தச் செலவைக் கிளை ஏற்கும் என்றார் செயலாளர். அவர் கணக்கு நோட்டில் அதை எழுதி முடித்த பிறகுதான் நாம் மேடைக்குப் போனோம்.