கூடுதுறை கண்ட காழிப் பிள்ளையார்

சீகாழிப் பதியிலே சிவபாதவிருதயருக்கும் பகவதியாருக்கும் திருமகனாராய்த் தோன்றி, 3ஆம் வயதில் ஞானப்பால் உண்டு, 16ஆம் வயதில் திருநல்லூர்ப் பெருமணத்தில் சோதியுட் கலந்தவர் திருஞானசம்பந்தமூர்த்தி சுவாமிகள். அவர் வாழ்ந்தது கி.பி. 7ஆம் நூற்றாண்டு. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் நடந்த வழி சிறிதன்று. மரக்காணத்து அளக்கரைக்குத் தென்மேற்கே உள்ள திருவரசிலியும் இரும்பை மாகாளமும் அவர் பாடல் பெற்றவை என்பதை நம் அன்பர்கள் அறிவர். ஈண்டுக் கூறப்புகுவது, அவர் கொங்குநாட்டு மலைவழியிற் சென்ற யாத்திரை.

திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளைப் பற்றியிருந்த முயலகன் என்னும் பிணியைத் தீர்த்தருளிய பின்னர், பிள்ளையார் அடியார் கூட்டத்தோடு மேற்றிசை சென்று கொடிமாடச் செங்குன்றூரைத் தொழுதார். அஃது இக்காலத்துத் திருச்செங்கோடு. அங்கிருந்து திருநணாவுக்கு எழுந்தருளினார், அதுவே பவானி. குடகிற் பிறந்த காவிரியும் நீலமலையிற் பிறந்த பவானியாறும் குன்றுகள் புடைசூழக் கூடுமிடம் அது. கண்ணுக்குப் புலனாகாத அமுத நதியும் உடன் கலக்கின்றது என்பது அத்தலத்து மரபு. ஆதலின் தென் திரிவேணி என்பர். இமயத்தில் பாகீரதியும் அளகநந்தையும் கூடும் தேவப்பிரயாகை வடபுலத்தார்க்கு எத்தகையதோ, தமிழர்க்குக் கூடுதுறை அத்தகையது. பின்னாளில் இமயத்துக் கேதாரத்தைக் காளத்தியில் இருந்தபடியே பாடிய பிள்ளையார், இத்துறையை நேரிற் கண்டு சங்கமேசுவரரைப் பாடினார். அப்பதிகம் இரண்டாந் திருமுறையில் உள்ளது.

மீண்டும் செங்குன்றூருக்கு வந்து தங்கியிருந்தபோதுதான் இடர் நேர்ந்தது. மழை கழிந்து பனி தொடங்கிய காலம். உடன் வந்த அடியார்களோ சோழநாட்டு வெயிலிற் பழகிய உடம்பினர். ஒருவர் பின் ஒருவராகக் குளிர்சுரத்தில் வீழ்ந்து நடுங்கினர். பிள்ளையாரிடம் முறையிட்டனர். அது நிலத்தின் இயல்பேயாயினும் அடியாரைத் தீண்டலாகாது என்று திருவுளங்கொண்டு, அவர் திருநீலகண்டத்தின்மேல் ஆணை வைத்துப் பாடினார். சுரம் அடியாரை மட்டுமன்றி அந்நாடு முழுவதையும் விட்டகன்றது என்பது சேக்கிழார் வாக்கு.

சுரத்தைத் தீர்த்த அப்பதிகம் சுரத்தைப் பற்றிப் பேசவில்லை. வினையைப் பற்றியே பேசுகின்றது. முன்வினைப் பயன் இது என்று அறிந்திருந்தும் உய்யும் வழி நாடாது வாளா இருத்தல் குறையே என்று இடித்துரைக்கின்றது. சோலை வளர்த்தலையும் குளந்தொடுதலையும் ஒரு பாட்டு எடுத்துச் சொல்லி, பூசையின்றி அவையும் போதா என்கின்றது. இங்கே ஒன்று கூறுவேன். ஐப்பசி கார்த்திகையில் அளமெல்லாம் நீரில் மூழ்கும், உப்பெடுப்போர்க்குக் கூலி நிற்கும், காய்ச்சல் வரும். கோபுரத்துக்கு வண்ணம் தீட்டிய உபயகாரர்கள் அந்நாளில் இப்பதிகத்தை ஓதிக்கொண்டு, மருந்தும் கஞ்சியும் ஏந்தி அக்குடிசைகளுக்குச் சென்றால் அதுவும் திருப்பணியே. ஆலகாலம் பிறந்ததும் கடலில்தானே!

பின்பு பிள்ளையார் பாண்டிக்கொடுமுடியையும் கருவூர் ஆனிலையையும் வணங்கிச் சோழநாடு மீண்டார். அதற்கும் பின்னர் மங்கையர்க்கரசியார் அழைக்க மதுரைக்கு எழுந்தருளினார். அங்கே பாண்டியனைப் பற்றியது வெப்புநோய். கொங்கிலே குளிருக்குத் திருநீலகண்டம். மதுரையிலே வெப்புக்குத் திருநீறு.