ஜான் தாம்சனும் பெயர் தெரியாத இரண்டு மதராஸ்காரர்களும்

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திற்கு ஒரு பக்கம் சிராங்கூன் சாலை. அங்கே ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில். மறுபக்கம் ரேஸ் கோர்ஸ் சாலை. அங்கே ஃபூச்சாவ் மெத்தடிஸ்ட் தேவாலயம். தென்கிழக்குச் சீனாவின் ஃபூச்சாவ் வட்டாரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களுக்காக 1897இல் தொடங்கிய சபை அது.

அவர்கள் விட்டுவந்த ஊர் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் மிக அரிய புகைப்பட நூல் ஒன்று உண்டு. அதை உருவாக்கியவர் ஜான் தாம்சன். அவர் தம் புகைப்படத் தொழிலைத் தொடங்கியது சிங்கப்பூரில்தான்.

1837இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்த தாம்சன், கண்ணாடி வில்லைகளும் அறிவியல் கருவிகளும் செய்யும் பட்டறையில் தொழில் பழகினார். மாலையில் வகுப்புகளுக்குப் போய்ப் படித்தார். 1862இல், தமக்கு முன்பே சிங்கப்பூர் வந்திருந்த அண்ணன் வில்லியத்துடன் சேர்ந்து, கப்பல்களுக்கான கருவிகளை விற்றபடியே படக்கூடமும் நடத்தினார். இன்றைய ஃபேரர் பார்க் அப்போது குதிரைப் பந்தயத் திடல். அந்தப் பெயரே அதற்கு வந்திருக்கவில்லை.

விரைவிலேயே தாம்சன் பினாங்கிற்கும் அதன் எதிர்க்கரையில் இருந்த வெல்லெஸ்லி மாநிலத்திற்கும் சென்று, ஏறத்தாழ பத்து மாதம் தங்கிப் படமெடுத்தார். வெல்லெஸ்லி கரும்புத் தோட்டங்கள் நிறைந்த பகுதி. தமிழ்த் தொழிலாளர்கள் அங்கு ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே அவருக்கு உதவியாளர்கள் தேவைப்பட்டனர். சீனர்கள் படமெடுப்பதைப் பேயின் வேலை என்று ஒதுக்கி, வர மறுத்துவிட்டதாக அவர் எழுதியிருக்கிறார். முன்வந்தவர்கள் இரண்டு மதராஸ்காரர்கள். அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, படம் அச்சிடும் பணியை ஒப்படைத்தார்.

அது எளிய வேலை அல்ல. அந்நாளில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். நம் ஊர் வெக்கையில் சில நிமிடங்களே கிடைக்கும். வெளியூர் போனால் இருட்டறைக்குப் பதில் கூடாரம். கண்ணாடி, ரசாயனம், தண்ணீர் எல்லாம் கூலியாட்களின் தோளில்தான் போகும்.

அச்சிடுவதோ வெயிலில் நடக்கும். முட்டை வெண்கரு பூசிய தாளைத் தகட்டோடு சேர்த்துச் சட்டத்தில் மாட்டி, வெயிலில் வைத்துக் காத்திருக்க வேண்டும். வெயில் கூடினால் படம் கருத்துவிடும், குறைந்தால் வெளிறிவிடும். பிறகு பலமுறை நீரில் அலச வேண்டும். சரியான நேரத்தில் தாளை எடுக்கும் பக்குவம் கைப்பழக்கத்தில்தான் வரும்.

தாம்சனின் பயணங்கள் நீண்டன. 1864இல் இலங்கை, இந்தியா சென்றார். அடுத்து சயாம், அங்கு மன்னர் மோங்குட்டைப் படமெடுத்தார். 1866இல் காடு கடந்து அங்கோர் வாட் கோயிலைப் படம்பிடித்தார். 1868இல் ஹாங்காங்கில் குடியேறி, சீனாவின் பல பகுதிகளையும் சுற்றினார். தைவான் பயணத்தில் உடன்வந்த சீன உதவியாளர் ஆஹோங்கின் பெயர் பதிவாகியிருக்கிறது.

1870-71இல் அமெரிக்கப் பாதிரியார் ஜஸ்டஸ் டூலிட்டிலுடன் ஃபூச்சாவிலிருந்து மின் ஆற்றில் படகில் சென்றார். அப்போது எடுத்த 80 படங்கள் 1873இல் நூலாயின. எளிதில் மங்காத கார்பன் அச்சில் உருவான அந்த நூல் வெறும் 46 பிரதிகளே வெளிவந்தது. இன்று எஞ்சியவை பத்துக்கும் குறைவு. அமெரிக்காவின் பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் இரண்டு உள்ளன.

அதை வாங்கும் வசதி இருந்தவர்கள் வெளிநாட்டு வணிகர்களும் அவர்களைப் போன்றோருமே. படத்தில் நின்ற படகோட்டிகளுக்கோ, பின்னாளில் ரேஸ் கோர்ஸ் சாலை தேவாலயத்தில் கூடிய அவ்வூர் மக்களுக்கோ அது எட்டாப் பொருள்.

நாடு திரும்பிய தாம்சன், 200 படங்களுடன் சீனா பற்றிய நான்கு தொகுதிகளை 1873-74இல் வெளியிட்டார். மலாக்கா நீரிணைப் பகுதியில் குடியேறிய சீனர்களின் தொழில், சங்கங்கள், வாழ்க்கை பற்றியெல்லாம் பேசும் பயணநூல் 1875இல் வந்தது. 1877இல் லண்டன் தெருவோர ஏழைகளைப் படமெடுத்து எழுத்தாளர் அடால்ஃப் ஸ்மித்துடன் வெளியிட்டார். 1881இல் விக்டோரியா அரசியாரின் புகைப்படக்காரர் என்ற சிறப்பும் கிடைத்தது.

1921இல், தமது 84வது வயதில் தாம்சன் காலமானார். அவருடைய 600க்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகள் லண்டனின் வெல்கம் தொகுப்பில் சேர்ந்தன. இன்று அவற்றை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 46 பேருக்கு மட்டும் கிடைத்தது, இப்போது ஃபூச்சாவ் வழிவந்தவர்களின் கைப்பேசிக்கே வருகிறது.

அந்த இரண்டு மதராஸ்காரர்கள் மட்டும் எங்கும் இல்லை. இந்த வட்டாரத்தில் புகைப்படத் தொழில் கற்ற முதல் இந்தியர்களில் அவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் பெயரை எழுதிவைக்க யாரும் நினைக்கவில்லை.

தோட்டத்து லயத்திலும் அடுக்குமாடி வீட்டிலும் இன்னும் எத்தனையோ பழைய படங்கள் டின்களில் கிடக்கின்றன. பாட்டி இருக்கும்போதே படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு, மென்மையான பென்சிலால் பின்புறம் எழுதிவைக்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.