பூசணத்தில் புதையல் கண்டவர்

பழைய சோற்றில் பூசணம் பூத்தால் முகம் சுளித்துக் கொட்டிவிடுகிறோம். அந்தப் பூசணத்தில் ஒரு ஜாதியை வளர்த்து, அதிலிருந்து மருந்து எடுத்தார் ஒருவர். அவர் பெயர் ஜோகிச்சி தகாமினே. ஜப்பானியர்.

1854-ம் ஆண்டு தகாவோகா என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் வைத்தியர். தாயார் பிறந்த வீட்டில் அரிசி மதுவான "சாகே" காய்ச்சுவது குலத்தொழில். டோக்கியோவில் என்ஜினீயரிங் கல்லூரியில் தேறி, பிரிட்டனில் கிளாஸ்கோ நகரிலும் மேல்படிப்புப் படித்தார். 1884-ல் அமெரிக்காவில் நடந்த பொருட்காட்சிக்கு ஜப்பான் அரசாங்கம் அவரை அனுப்பியது. அங்கே கரோலின் ஹிட்ச் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1887-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. அந்தக் காலத்தில் இப்படி ஒரு கலப்பு மணம் அபூர்வம்!

மென்றால் இனிப்பது ஏன்?

சோற்றை வாயில் போட்டு வெகுநேரம் மென்றால் இனிக்கிறதல்லவா? உமிழ்நீரில் உள்ள ஒரு பொருள், சோற்றிலுள்ள மாவைச் சர்க்கரையாக மாற்றுகிறது. இப்படிப்பட்ட பொருளுக்கு "என்சைம்" என்று பெயர்.

விஸ்கி செய்யவும் முதலில் தானிய மாவு சர்க்கரையாக வேண்டும். பிறகுதான் சர்க்கரை புளித்துச் சாராயம் ஆகும். மேல்நாட்டார் இதற்கு பார்லியை முளைகட்டி, உலர்த்தி, அந்த "மால்ட்"டைப் பயன்படுத்தினார்கள். ஜப்பானியர் வழி வேறு. வேகவைத்த அரிசியில் "கோஜி" என்ற பூசணத்தை வளர்ப்பார்கள். இரண்டே நாளில் வேலைக்குத் தயார்! இதில் சுரக்கும் என்சைமுக்கு வேகமும் அதிகம்.

தாய் வீட்டுத் தொழிலில் கண்ட இந்தப் பூசணத்தைத் தகாமினே அரிசிக்குப் பதில் கோதுமைத் தவிட்டில் வளர்த்தார். தவிடு மலிவுதானே!

ஆலையில் தீ

1890-ல் அமெரிக்க விஸ்கி முதலாளிகள் அவரை அழைத்தார்கள். மனைவியுடனும் இரு ஆண் குழந்தைகளுடனும் கப்பலேறினார். பியோரியா என்ற ஊரில் வேலை தொடங்கியது. மால்ட் வியாபாரிகளுக்கு வயிற்றெரிச்சல். தவிடும் பூசணமும் வந்துவிட்டால் தங்கள் பிழைப்பு என்ன ஆவது? அவர்கள் கவலையிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆலை தீப்பற்றி எரிந்தது. வைத்த தீ என்று பலர் சந்தேகித்தார்கள். நிரூபணம் ஆகவில்லை. போதாக்குறைக்கு, தகாமினேக்கு ஈரல் வியாதி முற்றியது. கரோலின் அவரை ரயிலில் சிகாகோவுக்குக் கொண்டு சென்றார். ஆபரேஷன் நடந்து உயிர் தப்பினார். விஸ்கி முயற்சி மட்டும் கடைசிவரை தலையெடுக்கவில்லை.

உயிரோடு எழுந்தவர் கையில் மிஞ்சியது அந்தப் பூசணம்தான்.

மாவைக் கரைக்கும் பொருள், வயிற்றில் ஜீரணத்துக்கும் உதவாதா என்று அவர் எண்ணினார். பூசணம் படர்ந்த தவிட்டை நீரில் ஊறவைத்தார். வடித்த நீரில் சாராயத்தைச் சேர்த்தார். என்சைம் பொடியாகக் கீழே படிந்தது! இதற்கு 1894-ல் அமெரிக்காவில் பேடண்ட் உரிமை பெற்றார். நுண்ணுயிரிலிருந்து எடுத்த என்சைமுக்கு அந்நாட்டில் கிடைத்த முதல் பேடண்ட் இது என்பார்கள். "தகா-டயாஸ்டேஸ்" என்ற பெயரில் பார்க் டேவிஸ் கம்பெனி இதை ஜீரண மருந்தாக விற்றது. வறுமை விலகியது.

ரத்தத்தை நிறுத்திய மருந்து

பின்னர் நியூயார்க்கில் ஆராய்ச்சிசாலை அமைத்தார். சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பியின் சத்தைப் பிரிக்கப் பல நாட்டு விஞ்ஞானிகள் போராடிய காலம் அது. 1900-ல் தகாமினேயும் உதவியாளர் கெய்சோ உவெனகாவும் அதைப் படிகமாகவே எடுத்துவிட்டார்கள். அதுதான் "அட்ரினலின்". உவெனகாவின் கைவண்ணம் இதில் பெரிது. புகழ் என்னவோ எஜமானருக்கே போய்ச் சேர்ந்தது. ஆபரேஷனில் ரத்தப் பெருக்கை நிறுத்த டாக்டர்களுக்கு இது வரப்பிரசாதமாயிற்று.

பணம் குவிந்தது. வாஷிங்டன் நகரை அலங்கரிக்கச் செர்ரி மரங்களை அனுப்பப் பொருளுதவி செய்தார். 1910-ல் வந்த 2,000 மரங்களில் பூச்சி இருந்ததால் அவ்வளவையும் எரித்துவிட்டார்கள். 1912-ல் மீண்டும் 3,020 மரங்கள் வந்து சேர்ந்தன.

30 ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவில் வாழ்ந்தும் அந்நாட்டுப் பிரஜையாக அவரால் முடியவில்லை. ஜப்பானியருக்குச் சட்டம் இடம் தரவில்லை. 1922-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி நியூயார்க்கில் காலமானார். உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. கோஜிப் பூசணத்தின் என்சைம் இன்றும் பெரிய தொட்டிகளில் தயாராகி, ரொட்டிக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.