பனியின் தடம் கண்டவர்

கொல்லிமலையின் மேற்கு அடிவாரத்தில் அமைந்த ஊர் சேந்தமங்கலம். அவ்வூரார் அறிந்த பனி, மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கும் நீர்த்துளியே. ஆயினும், வெப்பம் மிகுந்த இந்நாட்டிலும் ஒரு காலத்தில் பனியாறுகள் ஊர்ந்தன. அவ்வுண்மைக்கு முதற்சான்று கண்டோருள் ஒருவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு.

1834இல் இலண்டனில் பிறந்த இவர், 1855இல் தம் தமையன் வில்லியத்துடன் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியேற்றார். ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி வயலில், நுண்ணிய வண்டலினுள் பெரும்பாறைகள் புதைந்திருக்கக் கண்டனர். பாறையைப் புரட்டும் ஆறு நுண்வண்டலைப் படியவிடாது. வண்டலைப் படியவிடும் அமைதியான நீர் பாறையைச் சுமக்காது. இரண்டையும் ஒருங்கே விளக்கவல்லது பனிக்கட்டியே என 1856இல் முடிவு செய்தனர். கடகரேகைக்குத் தெற்கே பனியா என அறிஞர் பலர் ஐயுற்றனர்.

பனியாற்றின் அடித்தளத்தில் நிகழ்வது வியப்புக்குரியது. மேற்பனியின் பெருஞ்சுமையால் அடிப்பனி உடையாமல் மெல்ல உருத்திரிந்து நகர்கிறது. சிறுமேடு எதிர்ப்படின், அழுத்தம் மிகும் முன்பக்கத்தில் உருகுநிலை தாழ்வதால் பனி உருகுகிறது. அந்நீர் மேட்டைச் சுற்றிச் சென்று பின்பக்கத்தில் மீண்டும் உறைகிறது. பெருமேட்டைப் பனி வளைந்து கடக்கிறது. அடியில் பதிந்த கற்கள் உளிபோல் தரைப்பாறையைக் கீறுகின்றன. அத்தகைய கீறல்களை 1872இல் பென்கங்கை ஆற்றுப்பகுதியில் ஃபெடன் என்பவர் கண்டறிந்தார். ஐயம் பெரிதும் நீங்கியது. அப்பனி ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பதும், அன்று இந்தியா தென்துருவத்தை அடுத்திருந்தது என்பதும் பின்னாளில் தெளிவாயின.

பிளான்ஃபோர்டு தமிழகத்திலும் ஆய்ந்தார். நீலகிரியின் பாறைகளும், திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் கடலுயிர்ப் புதைபடிவங்களும் அவருடைய ஆய்வுப் பொருள்களாயின. பின்னர்க் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 1875இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை தோன்றியபோது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார்.

மறு ஆண்டே மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில், அன்று சேந்தமங்கலத்தை உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டமும் பெருந்துயருற்றது. மழையின் வரவை முன்னறிதல் உயிர்காக்கும் கடமையாயிற்று. பிளான்ஃபோர்டு மீண்டும் பனியையே நாடினார். இமயத்தில் பனிப்பொழிவு மிகுந்தால் பருவமழை குன்றக்கூடும் எனக் கண்டார். 1882 முதல் சோதனை முயற்சியாக முன்னறிவிப்புகளை வழங்கினார். 1886 ஜூன் 4ஆம் நாள் முறையான முதல் பருவமழை முன்னறிவிப்பை வெளியிட்டார்.

1893இல் அவர் மறைந்தார். மழைக்கும் இமயப்பனிக்கும் உள்ள உறவு அவர் எண்ணியதினும் சிக்கலானது எனப் பின்வந்தோர் அறிந்தனர். எனினும், உழவர் விதைக்குமுன் அரசு வெளியிடும் பருவமழை முன்னறிவிப்பு, அவர் இட்ட தொடக்கத்தின் தொடர்ச்சியே.